கடலோர பங்களா விற்பனைக்கு: விளம்பரமும் வில்லங்கமும்

"சரித்திரப் புகழ் வாய்ந்த துறைமுக நகருக்கு அருகில், மூன்று படுக்கையறைகள், நீச்சல் குளம், கடலும் மலையும் தெரியும் மொட்டை மாடி, அனைத்துத் தட்டுமுட்டுச் சாமான்களுடன் குடும்ப வில்லா விற்பனைக்கு. உடனே குடியேறலாம்."

மத்தியதரைக் கடல் நாடுகளில் சொத்து விற்கும் தரகர்களின் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த மாதிரியில்தான் இருக்கும். ஸ்பெயின், துருக்கி, கிரேக்கம், சைப்பிரஸ் என்று ஊர் பெயர் மட்டும் மாறும். வியாபாரத்தில் நாலு காசு சேர்ந்த பிறகு, பிள்ளைகள் வெளிநாட்டில் வேலைக்குப் போன பிறகு, நம் வணிகர்கள் சிலருக்கும் இத்தகைய விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. கடைக்கு வரும் சரக்கை மூட்டை பிரித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாத நாம், கடல் கடந்த வீட்டை வண்ணப் படத்தைப் பார்த்து வாங்கிவிடக் கூடாது. எனவே இப்படிப்பட்ட விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் எழுதியிருப்பது எது, எழுதாமல் விட்டது எது என்று பார்ப்போம். சைப்பிரஸ் தீவின் வடகரையில் உள்ள கைரீனியா நகரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். துருக்கியர் இதை கிர்னே என்று அழைக்கிறார்கள். பத்திரம் என்ற ஒரு தாளில் ஒரு நாட்டின் கதையே அடங்கியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

வியாபாரிகளின் துறைமுகம்

கைரீனியா அடிப்படையில் ஒரு வியாபாரத் துறைமுகம். குதிரை லாட வடிவத்தில் சிறிய துறைமுகம், அதன் ஓரத்தில் பெரிய கோட்டை, பின்னால் ஐந்து விரல் மலை என்று பெயர் பெற்ற மலைத்தொடர். எதிரே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் துருக்கிக் கரை. பைசாந்தியர் கட்டிய கோட்டையை லுசிஞ்ஞான் வம்சத்து அரசர்கள் விரிவாக்கினர். 1489இல் தீவு வெனிஸ்காரர் கைக்குப் போன பின் பீரங்கிக்குத் தாங்கும்படி சுவர்களைக் கனமாக்கினர். 1570இல் ஒட்டோமான் துருக்கியர் வந்தபோது கைரீனியா சண்டையின்றிச் சரணடைந்தது.

இந்தக் கோட்டைக்குள் ஒரு சரக்குக் கப்பல் வைக்கப்பட்டிருக்கிறது. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கைரீனியாவுக்கு அருகே மூழ்கிய கிரேக்க வணிகக் கப்பல் அது. 1965இல் உள்ளூர் முக்குளிப்பாளர் ஆண்ட்ரியாஸ் கரியோலு அதைக் கண்டார். 1968, 1969 ஆண்டுகளில் மைக்கேல் கட்செவ் தலைமையில் ஆய்வாளர்கள் அதைத் தோண்டி எடுத்தனர். நீளம் 14 மீட்டர் அளவு. அதில் இருந்த சரக்கு என்ன தெரியுமா? சுமார் 400 மண்ஜாடிகள், அவற்றில் பெரும்பாலானவை ரோட்ஸ் தீவிலிருந்து வந்தவை. கிட்டத்தட்ட 10,000 வாதுமைக் கொட்டைகள். 29 எந்திரக் கற்கள். சாப்பாட்டுப் பாத்திரங்கள் நான்கு நான்காக இருந்ததால் கப்பலில் நாலு பேர் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டனர். கப்பல் பல முறை பழுது பார்க்கப்பட்டு, அடிப்பாகத்துக்கு ஈயத்தகடு அடிக்கப்பட்ட பழைய கப்பல். வண்டி ஓடும்வரை ஓட்டுவோம் என்ற எண்ணம் அன்றைய வியாபாரிக்கும் இருந்திருக்கிறது!

துறைமுகத்தைச் சுற்றி இன்று ஓட்டல்களாக இருக்கும் பல கட்டடங்கள் ஒரு காலத்தில் காரோப் கிடங்குகள். காரோப் என்பது பார்வைக்குப் புளியங்காய் போல் கருத்து நீண்ட ஒரு நெற்று. சதை இனிக்கும். சைப்பிரஸ்காரர்கள் இதைக் கறுப்புத் தங்கம் என்று சொல்வார்கள். இதன் விதையிலிருந்து எடுக்கும் பிசின் ஐஸ்கிரீம் கெட்டிப்படப் பயன்படுகிறது. இ 410 என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது இதுதான். நகைக்கடையில் வைரத்துக்குச் சொல்லும் காரட் என்ற எடையின் பெயரும் இந்த விதைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே.

1878இல் தீவு பிரிட்டிஷ் நிர்வாகத்துக்குப் போனது. காலனி உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற ஆங்கிலேயர் பலர் 1950களில் கைரீனியாவில் வீடு வாங்கிக் குடியேறினர். நம் பஞ்சாபில் ஜலந்தரில் 1912இல் பிறந்த எழுத்தாளர் லாரன்ஸ் டரல் அவர்களில் ஒருவர் அல்ல என்றாலும், அவரும் 1953இல் கைரீனியாவுக்கு மேலே பெல்லாப்பைஸ் கிராமத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். ஒரு துருக்கிய சைப்பிரஸ் தரகர் மூலம் பேரம் பேசி வாங்கிய கதையை 1957இல் வெளியான நூலில் எழுதினார். அந்த நூலே கைரீனியா வீடுகளுக்கு உலக விளம்பரம் ஆகிவிட்டது.

விளம்பரத்தில் இல்லாத வருஷம்

விளம்பரத்தில் படுக்கையறைகளின் எண்ணிக்கை இருக்கும், கடற்கரைக்கு எத்தனை நிமிட நடை என்று இருக்கும். 1974 என்ற வருஷம் மட்டும் இருக்காது. ஆனால் கைரீனியாவில் சொத்தின் தலையெழுத்தை நிர்ணயிப்பது அந்த வருஷம்தான்.

சைப்பிரஸ் 1960இல் சுதந்திரம் பெற்றது. கிரேக்க மொழி பேசுவோர் பெரும்பான்மை, துருக்கி மொழி பேசுவோர் சிறுபான்மை. 1963 டிசம்பரில் இரு சமூகங்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. துருக்கிய சைப்பிரஸ்காரர் பலர் அப்போதே ஊரை விட்டு ஓட வேண்டி வந்தது. 1964 மார்ச்சில் ஐ.நா. அமைதிப்படை வந்தது. 1974 ஜூலை 15இல் கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில், அதிபர் மகாரியோஸுக்கு எதிராகப் புரட்சி நடந்தது. ஐந்தாம் நாள், ஜூலை 20இல், துருக்கிப் படை கைரீனியாவுக்கு மேற்கே கரை இறங்கியது. ஆகஸ்டில் இரண்டாவது கட்டத் தாக்குதல் முடிந்தபோது தீவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான நிலம் துருக்கிப் படையின் கட்டுப்பாட்டில் இருந்தது.

வடக்கிலிருந்த கிரேக்க சைப்பிரஸ்காரர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெற்கே ஓடினர். தெற்கிலிருந்த துருக்கிய சைப்பிரஸ்காரர் பல்லாயிரம் பேர் வடக்கே வந்தனர். கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு நாளில் திரும்பலாம் என்று கிளம்பியவர்கள் இரு பக்கத்திலும் உண்டு. அந்தச் சாவிகளை அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் வைத்திருக்கிறார்கள். பேரேட்டில் எழுதிய பாக்கி, கிடங்கில் இருந்த சரக்கு, முப்பது வருஷ வாடிக்கை எல்லாம் ஒரு வாரத்தில் போனது என்றால் அதன் வலி என்ன என்பதை நம் வணிகர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வடக்கில் 1983 நவம்பர் 15இல் வடக்கு சைப்பிரஸ் துருக்கியக் குடியரசு என்ற பெயரில் தனி அரசு அறிவிக்கப்பட்டது. அதை அங்கீகரித்த ஒரே நாடு துருக்கி. ஐ.நா. பாதுகாப்புச் சபை அதே ஆண்டில் 541ஆம் எண் தீர்மானத்தில் அந்த அறிவிப்பு சட்டப்படி செல்லாது என்றது. இந்தியாவும் அதை அங்கீகரிக்கவில்லை. கைரீனியாவில் பத்திரம் பதியும் அலுவலகம் இந்த அரசின் அலுவலகம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

ஒரே தெருவில் நாலு விதப் பத்திரம்

சைப்பிரஸில் பத்திரத்தை கொச்சான் என்பார்கள். நிலத்தை தோனும் கணக்கில் அளப்பார்கள். ஒரு சைப்பிரஸ் தோனும் 14,400 சதுர அடி. நம் கணக்கில் சரியாக ஆறு கிரவுண்டு, அல்லது 33 சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். துருக்கி நாட்டில் தோனும் இதைவிடக் குறைவு, 1,000 சதுர மீட்டர். பெயர் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்று என்று நினைக்கக் கூடாது.

வடக்கில் விற்பனைக்கு வரும் சொத்துகளின் மூலத்தைப் பார்த்தால் முக்கியமாக நாலு வகை.

முதலாவது, 1974க்கு முன்பே துருக்கிய சைப்பிரஸ்காரர் பெயரிலோ வெளிநாட்டவர் பெயரிலோ இருந்த சொத்து. இதன் தாய்ப் பத்திரம் பழைய பிரிட்டிஷ் காலப் பதிவேட்டிலும் இருக்கும், தெற்கில் உள்ள அரசின் பதிவேட்டிலும் இருக்கும். எனவே மூன்றாவது ஆள் வந்து என் நிலம் என்று சொல்ல இடம் குறைவு. விலை அதிகம்.

இரண்டாவது, மாற்றுப் பத்திரம். தெற்கில் வீடு நிலம் விட்டு வந்த துருக்கிய சைப்பிரஸ்காரருக்கு, விட்டு வந்த சொத்தின் மதிப்பைப் புள்ளிகளாகக் கணக்கிட்டு, வடக்கில் கிரேக்க சைப்பிரஸ்காரர் விட்டுப் போன சொத்து கொடுக்கப்பட்டது. வாங்கியவர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவரும் இழந்து வந்தவர்தான். ஆனால் விட்டுப் போனவர் அதை விற்கவில்லை, எழுதிக் கொடுக்கவும் இல்லை.

மூன்றாவது, ஒதுக்கீட்டுப் பத்திரம். துருக்கியிலிருந்து வந்து குடியேறியோர், போரில் பணியாற்றியோர் முதலியோருக்கு ஒதுக்கிய நிலம். இதிலும் மூல உரிமையாளர் வேறு ஒருவர். பதிலுக்கு அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதால் மாற்றுப் பத்திரத்தைவிடவும் பலவீனமானது.

நான்காவது, குத்தகை. நிலம் அரசினுடையது அல்லது அறக்கட்டளையினுடையது. வீட்டில் இருக்க மட்டும் இத்தனை ஆண்டு உரிமை.

பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு வில்லாக்கள், ஒரே மாதிரி ஓடு, ஒரே மாதிரி நீச்சல் குளம், ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால் காரணம் இதுதான். மலிவு என்பது தள்ளுபடி அல்ல. வில்லங்கத்தின் விலையை முன்கூட்டியே கழித்திருக்கிறார்கள், அவ்வளவே.

நீதிமன்றங்கள் சொன்னது என்ன?

கைரீனியாவில் வளர்ந்த டிட்டினா லொய்சிடு என்ற பெண்மணிக்கு அந்த ஊரில் சில மனைகள் இருந்தன. 1974க்குப் பிறகு அங்கே போக முடியவில்லை. 1989இல் அவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள மனித உரிமை அமைப்பில் துருக்கி மீது புகார் கொடுத்தார். 1996 டிசம்பர் 18இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், நிலத்துக்கு அவரே இன்னமும் சட்டப்படி உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. 1998இல் நிலத்தை அனுபவிக்க முடியாமல் போனதற்காக 3 லட்சம் சைப்பிரஸ் பவுண்டும், மன உளைச்சலுக்கு 20,000 பவுண்டும், அவற்றுடன் வழக்குச் செலவும் கொடுக்கும்படி சொன்னது. துருக்கி 2003 டிசம்பரில் பணத்தைக் கட்டியது. கவனிக்க வேண்டிய விஷயம் என்னவென்றால், இந்தப் பணம் நிலத்தின் விலை அல்ல. அனுபவிக்க முடியாமல் போனதற்கான ஈடு மட்டுமே. நிலம் அவர் பெயரிலேயே இருக்கிறது.

அடுத்த வழக்கு வீடு வாங்குபவர்களை நேரடியாகத் தொட்டது. கைரீனியாவுக்கு மேற்கே லாப்பித்தோஸ் என்ற ஊரில் ஒரு பிரிட்டிஷ் தம்பதி நிலம் வாங்கி வில்லா கட்டி, நீச்சல் குளமும் அமைத்தனர். 2003 ஏப்ரல் 23இல் எல்லைச் சோதனைச் சாவடிகள் திறக்கப்பட்டன. 29 ஆண்டுகளுக்குப் பிறகு இரு பக்கத்து மக்களும் பழைய வீடுகளைப் பார்க்க வந்தனர். இருப்பவர் காப்பி கொடுத்து உபசரித்து, பழைய புகைப்படங்களை எடுத்துக் கொடுத்த வீடுகளும் உண்டு. லாப்பித்தோஸ் நிலத்தின் பழைய உரிமையாளர் வந்து பார்த்தபோது அவர் குடும்பத்துத் தோட்டத்தில் வில்லா நின்றது. அவர் நிக்கோசியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2004இல் தீர்ப்பு வந்தது: வீடு, குளம், வேலி எல்லாவற்றையும் இடிக்க வேண்டும், நிலத்தை ஒப்படைக்க வேண்டும், நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும்.

வடக்கில் அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற முடியாது. அங்கே அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் செல்லாது. ஆனால் 2004 மே 1இல் சைப்பிரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது. ஓர் உறுப்பு நாட்டின் நீதிமன்றத் தீர்ப்பை மற்ற உறுப்பு நாட்டில் நிறைவேற்றலாம் என்பது ஒன்றியத்தின் விதி. எனவே அவர் இங்கிலாந்துக்கே போனார். விஷயம் ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குச் சென்றது. சி-420/07 என்ற எண் கொண்ட அந்த வழக்கில் 2009 ஏப்ரல் 28இல், தீர்ப்பை ஏற்க வேண்டும் என்று பதில் வந்தது. 2010 ஜனவரியில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதாவது கைரீனியா அருகே வாங்கிய வில்லாவுக்காக, இங்கிலாந்தில் இருக்கும் சொந்த வீட்டின் மீதே பற்று விழும் நிலை. ஒரு கடையில் வந்த நஷ்டம் மற்றக் கடையின் கல்லாவையும் தொட்டது போல!

பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகிவிட்டது. ஆனால் மற்ற உறுப்பு நாடுகளில் சொத்து உள்ளவர்களுக்கு இந்தத் தீர்ப்பு இன்றும் ஒரு எச்சரிக்கை.

இதில் மறுபக்கமும் உண்டு. 2006 முதல் வடக்கில் அசையாச் சொத்து ஆணையம் ஒன்று இயங்குகிறது. பழைய உரிமையாளர் அதில் மனுச் செய்து பணமோ, மாற்றுச் சொத்தோ, சில நேரம் அதே சொத்தையோ பெறலாம். 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்த ஆணையத்தை ஏற்றுக்கொண்டு, முதலில் அங்கே போய் வாருங்கள் என்றது. இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டில் இருப்பவர்களின் நிலையையும் கருத வேண்டும் என்றது. ஆணையத்தின் மூலம் பழைய உரிமையாளருக்கு ஈடு கொடுத்துத் தீர்த்த சொத்து என்றால் அதன் நிலை வேறு. தீர்க்காத சொத்து என்றால் வேறு. தெற்கிலும் துருக்கிய சைப்பிரஸ்காரர் விட்டுப் போன சொத்துகள் உள்துறை அமைச்சரின் பொறுப்பில் வைக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுடைய வழக்குகளும் உண்டு. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. தீராத பங்காளிச் சண்டையின் நடுவில் உள்ள மனையை வாங்கலாமா என்பதே வாங்குபவரின் கேள்வி.

வழக்கோடு நிற்பதில்லை. 2006இல் சைப்பிரஸ் குடியரசு தன் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, உரிமையாளர் சம்மதம் இல்லாமல் அவர் சொத்தை விற்பது, வாங்குவது, விளம்பரம் செய்வது ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்று ஆக்கியது. பல ஆண்டுகள் இது பெரும்பாலும் காகிதத்தில் இருந்தது. 2024 முதல் நிலைமை மாறியது. அந்த ஆண்டில் வடக்கில் பெரும் குடியிருப்புகள் கட்டிய வெளிநாட்டுத் தொழிலதிபர் ஒருவர் தெற்கே வந்தபோது கைதானார். 2025இல் இத்தகைய சொத்துகளை விளம்பரம் செய்ததற்காக வெளிநாட்டவர் சிலருக்கு நிக்கோசியா நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. கமிஷனுக்காக நண்பருக்குச் சிபாரிசு செய்பவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பத்திரம் சுத்தமானாலும் அடமானம்

1974 சிக்கல் இல்லாத முதல் வகைப் பத்திரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை முடியவில்லை.

2004இல் ஐ.நா. தலைமைச் செயலாளர் கோஃபி அன்னான் பெயரால் ஒரு சமரசத் திட்டம் வந்தது. அந்த ஏப்ரல் 24 வாக்கெடுப்பில் துருக்கிய சைப்பிரஸ்காரரில் 65 சதவீதம் பேர் ஏற்றனர், கிரேக்க சைப்பிரஸ்காரரில் 76 சதவீதம் பேர் நிராகரித்தனர். திட்டம் விழுந்தது. ஆனால் அதில், நிலத்தில் பெரும் முதலீடு செய்து கட்டியவருக்குச் சாதகமான விதிகள் இருந்ததால், அந்த ஆண்டுகளில் வடகரை முழுவதும் கட்டுமான வேலை மளமளவென்று நடந்தது. அவசரத்தில் கட்டியவர்கள் பலர் நிலத்தை வங்கியில் அடமானம் வைத்துக் கட்டினர். வாங்கியவர் முழுப் பணமும் கட்டிக் குடியேறிய பிறகு, கட்டியவர் கடனைக் கட்டாததால் வங்கி வந்து கதவைத் தட்டியது. வாங்கியவர் கையில் ஒப்பந்தம் மட்டும் இருந்தது, பத்திரம் இல்லை.

இது வடக்கின் நோய் மட்டும் அல்ல. சட்டச் சிக்கல் இல்லாத தெற்கிலும் ஆயிரக்கணக்கானோர் இதே வலையில் சிக்கினர். முழு விலை கொடுத்தும் பத்திரம் கிடைக்காதவர்களுக்காக 2015இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. தெற்கில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிரய ஒப்பந்தத்தைக் கையெழுத்தான ஆறு மாதத்துக்குள் நிலப் பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்தால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு உண்டு. தாக்கல் செய்யாத ஒப்பந்தம் வெறும் கைமாற்றுச் சீட்டு போன்றதே. வடக்கிலும் ஒப்பந்தத்தைப் பதிந்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. தவிர, இரு பக்கத்திலும் நம்மைப் போன்ற வெளிநாட்டவர் அரசின் அனுமதி பெற்ற பிறகே பத்திரம் தம் பெயருக்கு மாறும். அனுமதி வரும்வரை வீடு நம்முடையது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

பழைய கிராமத்து வீடுகளில் மற்றொரு வில்லங்கம். ஒட்டோமான் காலச் சட்டப்படி நிலம் ஒருவருக்கு, அதில் நிற்கும் ஒலிவ மரமோ காரோப் மரமோ வேறொருவருக்கு, கிணற்றுத் தண்ணீரில் முறை இன்னொருவருக்கு என்று இருக்கலாம். 1946இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இனிமேல் அப்படிப் பிரிக்கக் கூடாது என்றது. ஆனால் பழைய உரிமைகள் வாரிசுகள் வழியாகத் தொடர்ந்தன. ஒரு வீட்டுக்கு எட்டுப் பங்காளிகள், அதில் மூன்று பேர் லண்டனில், இரண்டு பேர் ஆஸ்திரேலியாவில் என்பது அங்கே சாதாரணம். நம் கிராமத்துப் பூர்வீகச் சொத்து வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல.

சாமான்களுடன் என்றால்?

"அனைத்துச் சாமான்களுடன்" என்ற வார்த்தைக்கு விலையில் ஒரு பங்கு போகிறது. எனவே கடையைச் சரக்கோடு எடுக்கும்போது செய்வதையே இங்கும் செய்ய வேண்டும். இருப்புப் பட்டியல் எழுதி, ஒவ்வொரு அறையாக, கட்டில், மெத்தை, பீரோ, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் எந்திரம், ஏ.சி., நீச்சல் குளத்து பம்பு என்று எண்ணிக்கையும் நிலையும் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்துடன் இணைக்க வேண்டும். பார்த்தபோது இருந்த தேக்கு மேசைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மேசை கிடைத்தால் கேட்க இந்தப் பட்டியல்தான் சாட்சி. தவணையில் வாங்கிக் கடன் தீராத சாமான் எது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். கடலோர உப்புக்காற்றில் இரும்பும் ஏ.சி. எந்திரமும் சீக்கிரம் கெடும். பயன்படுத்திய சாமானுக்குப் புதுவிலை போடுவது வழக்கமான உத்தி.

சாமான் மதிப்பைக் கூட்டிக் காட்டி வீட்டு மதிப்பைக் குறைத்துப் பதிந்தால் வரி மிச்சம் என்று தரகர் சொல்லலாம். அந்த யோசனைக்கு உடன்படவே கூடாது. பின்னால் விற்கும்போது லாபம் அதிகமாகத் தெரிந்து வரி கூடும். வழக்கு என்று வந்தால் பதிந்த தொகைதான் பேசும்.

வரவும் செலவும்

வீட்டை வாடகைக்கு விட்டால் வருமானம் வரும் என்று சொல்வார்கள். வடக்கு சைப்பிரஸின் எர்ஜான் விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் துருக்கி வழியாகவே வர வேண்டும், மற்ற நாடுகளிலிருந்து நேரடி விமானம் கிடையாது. பயணி வரத்து இதனால் கட்டுப்படுகிறது. புழக்கத்தில் உள்ள நாணயம் துருக்கி லிரா. வீட்டு விலையோ பெரும்பாலும் பிரிட்டிஷ் பவுண்டில் சொல்லப்படுகிறது. வாடகை ஒரு நாணயத்தில், கொடுத்த விலை வேறு நாணயத்தில் என்றால் மதிப்பிறக்கத்தின் சுமை யார் தலையில் என்பதை வியாபாரி உடனே புரிந்துகொள்வார்.

தண்ணீர் முன்பு பெரும் பிரச்சினை. 2015 அக்டோபரில் துருக்கியிலிருந்து கடலுக்கடியில் 80 கிலோமீட்டர் குழாய் வழியாக, ஆண்டுக்கு 7.5 கோடி கன மீட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. 2020 ஜனவரியில் அந்தக் குழாய் சேதமடைந்து, பழுது பார்க்கப் பல மாதங்கள் ஆயின. எனவே வீட்டுக்குத் தொட்டி இருக்கிறதா, கிணற்றில் உப்பு இருக்கிறதா என்று கேட்பது இன்றும் அவசியம். குளத்துப் பராமரிப்பு, தோட்டம், காவல், காப்பீடு, குடியிருப்புச் சங்கக் கட்டணம் ஆகியவை ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதந்தோறும் விழும் செலவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் முடங்கும். கடைச் சரக்கில் போட்ட பணம் வருஷத்துக்குப் பல முறை சுற்றி வரும். வில்லங்கமுள்ள வீட்டில் போட்ட பணம் அடுத்த வாங்குபவர் கிடைக்கும்வரை அசையாது. நாம் கேட்கும் அதே கேள்விகளை அவரும் கேட்பார் அல்லவா?

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் வசிக்கும் ஒருவர், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அந்த வரம்புக்குள் வெளிநாட்டில் வீடும் வாங்கலாம். குடும்பத்தினர் தத்தம் வரம்பைச் சேர்த்தும் வாங்கலாம். வங்கி வழியாகவே பணம் போக வேண்டும். ஹவாலா மூலம் அனுப்பிய பணத்தில் வாங்கிய வீடு, முதல் நாளிலிருந்தே குற்றத்தின் சாட்சி. வாங்கிய சொத்தை ஒவ்வொரு ஆண்டும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். வாடகை வருமானத்தையும் இங்கே காட்டியாக வேண்டும். பணம் அனுப்பும் முன் ஆடிட்டரைக் கலந்துகொள்வது மிக அவசியம்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. 1974 ஜூலைக்கு முன் இந்த நிலம் யார் பெயரில் இருந்தது? இந்தக் கேள்விக்குத் தாய்ப் பத்திரத்தின் நகலே பதில். தரகரின் வாய்ச்சொல் பதில் ஆகாது.

2. இன்றைய தேதியில் அடமானம், ஜப்தி, வழக்கு உண்டா? நிலப் பதிவு அலுவலகத்தில் நம் வக்கீலே நேரில் தேடிப் பார்த்து எழுத்தில் தர வேண்டும்.

3. விற்பவரின் வக்கீலும் நம் வக்கீலும் ஒருவரா? ஒருவர் என்றால் வேறு வக்கீலைப் பார்க்க வேண்டும்.

4. கட்டட அனுமதியும் குடியேற்ற அனுமதியும் இருக்கின்றனவா? குளத்துக்கும் மாடிக்கும் சேர்த்து இருக்கின்றனவா?

5. ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது? கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரியும் மொழிபெயர்ப்பு உண்டா?

6. முன்பணம் யார் கையில் இருக்கும்? அனுமதி கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் திரும்ப வரும்?

7. பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட்டார்களா? பவர் வைத்து விற்கிறார் என்றால் அந்தப் பவர் இன்றும் உயிரோடு இருக்கிறதா?

8. சாமான் பட்டியல் ஒப்பந்தத்தின் பகுதியாக இருக்கிறதா?

இந்த எட்டுக் கேள்விகளும் சைப்பிரஸுக்கு மட்டும் உரியவை அல்ல. வருஷத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் உள்ளூர்ச் சந்தைத் தெருவில் கடை வாங்கும்போதும் பொருந்தும். பங்காளிப் பிரிவினையும், பழைய குத்தகையும், கோயில் நிலமும் நம் ஊரிலும் உண்டு.

கைரீனியாவின் கடலும் மலையும் அழகானவை என்பதில் சந்தேகம் இல்லை. வாங்கி நிம்மதியாக வாழ்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் அதிக விலை கொடுத்து, 1974க்கு முந்திய பத்திரத்தைத் தேடி வாங்கியவர்கள். விலை குறைந்த வில்லாவை நாம் வாங்கினால், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பது ஆண்டுகளாகக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டில்தான் குடியேறுகிறோமா என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சட்டத்துக்காக மட்டும் அல்ல, நம் மனச்சாட்சிக்காகவும். ஒருவர் வயிற்றெரிச்சலில் வாங்கிய சொத்து நிலைக்காது என்று நம் பெரியோர் சொல்லி வைத்ததை, ஐரோப்பிய நீதிமன்றங்கள் சட்ட மொழியில் சொல்லியிருக்கின்றன.